ஒன்பதாவது இடத்தில் இருந்த கல்லூரி

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் 'ஸ்ரேயாஸ் நெட் சென்டர்' என்று ஒரு பலகை தொங்குகிறது. ஸ்ரேயாஸைத் தேடி உள்ளே போனால் ஏமாந்துதான் வருவீர்கள். அவன் புனேயில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு இரண்டு தரம் ஊருக்கு வருவான். வரும்போதே மூன்றாம் நாள் திரும்புவதற்கு டிக்கெட் போட்டுக்கொண்டு வருவான். கடையை நடத்துவது அவனுடைய அம்மா ஜினமதி.

நாற்பத்தாறு வயது, மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி, கழுத்தில் தாலிச் சரடோடு பென்டிரைவ் கயிறும் சேர்ந்து கிடக்கும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், எதுவானாலும் அவள் கையால் போனால் ஒரு எழுத்துப் பிசகாது. சும்மா சொல்லக்கூடாது, அந்த ரோட்டில் மற்ற கடைகளில் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு, "திருத்தம் போட்டுக்கலாம் வுடுங்க" என்பார்கள். ஜினமதி அப்படியில்லை. அடித்து முடித்ததும் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். எதிரில் இருப்பவர் "ஆமாங்க" என்று சொன்ன பிறகுதான் கடைசிப் பொத்தானைத் தொடுவாள். பதினெட்டு வருஷமாக அதுதான் அவளுடைய பழக்கம். ஒரே ஒரு நாள் அந்தப் பழக்கத்தை மீறினாள்.

அது போன வருஷம் ஆடி மாதம். மருத்துவக் கல்லூரிக் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த நேரம். அந்த நாட்களில் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. நீட்டில் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் வீடுகளில் சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாளே எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று சண்டை ஆரம்பித்துவிடும். மாமா ஒன்று சொல்வார், டியூஷன் வாத்தியார் ஒன்று சொல்வார், ஜோசியர் திசை சொல்வார். ஆசைப்பட்ட வரிசையில் கல்லூரிகளை அடுக்கிப் பூட்டிவிட்டால் கதை முடிந்தது. பிள்ளையின் முறை வரும்போது கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும்; எந்தக் கல்லூரியில் முதலில் இடம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே எவ்வளவு நல்ல கல்லூரி இருந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே அந்த வரிசைதான் தலையெழுத்து. இதை ஜினமதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொண்டை வறளச் சொல்லுவாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த தேவிப்ரியாவுக்கு மட்டும் அதைச் சொல்லவேண்டி இருக்கவில்லை. ஒரு தரம் எழுதித் தவறி, ஒரு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்து, இரண்டாவது தரம் நல்ல ரேங்க் வாங்கியவள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பக்கம். தினமும் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், விடுதி எப்படி, சீனியர்கள் என்ன சொல்கிறார்கள், மேல்படிப்புக்கு எத்தனை இடம், எல்லாம் எழுதி வைத்திருந்தாள். ஜிப்மருக்கு ரேங்க் எட்டவில்லை என்று அந்தப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தாள். முதல் பக்கம் சென்னை மருத்துவக் கல்லூரி. அதில் பேனாவால் மூன்று முறை சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"சென்னை கெடைக்குமாக்கா?" என்று கேட்டாள்.

ஜினமதி போன வருஷக் கணக்குகளைப் பார்த்தாள். "கெடைக்கும்மா. உன் ரேங்குக்குக் கொஞ்சம் இழுபறியா இருக்கும், ஆனா கெடைச்சிடும். பயப்படாத."

அதைக் கேட்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைத்தான் பிறகு ஜினமதியால் மறக்க முடியாமல் போயிற்று.

முதல் இடம் சென்னை. அடுத்து ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், செங்கல்பட்டு என்று போய், ஒன்பதாவது இடத்தில் நம்ம ஊர் மருத்துவக் கல்லூரி. ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள் ஜினமதி. இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மலையை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். அதற்குப் பிறகுதான் பூட்டுவார்கள். தேவிப்ரியாவின் அப்பா தசரதன் இன்னொரு படி மேலே போய், காலை பத்தரைக்கு நல்ல நேரம் என்று குறித்துக்கொண்டு வந்திருந்தார். மகள் மலை சுற்றிக்கொண்டிருக்கும்போதே இங்கே பூட்டிவிடவேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பூட்டுவதற்கு வரும் ஓடிபி எண்ணும் அவருடைய போனுக்குத்தான் வரும்.

பூட்டவேண்டிய நாளன்று காலை ஏழு மணிக்குத் தேவிப்ரியா வந்தாள். கிளம்பும் முன் மனசு கேட்காமல் ஸ்டான்லியையும் கீழ்ப்பாக்கத்தையும் இடம் மாற்றினாள். சர்வர் அன்றைக்குத் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. மவுஸால் இழுத்தால் பெயர் நகராது, விட்டால் குதிக்கும். ஒருவழியாக மாற்றிவிட்டு, செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு நடக்கப் போய்விட்டாள். புதிதாகப் பிரதி எடுக்கவில்லை.

பத்தே காலுக்குத் தசரதன் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஜினமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? நம்ம ஊரு காலேஜ மொதல்ல வெச்சிட முடியுமா?"

ஜினமதி திரும்பிப் பார்த்தாள். "ஏங்கண்ணா? பொண்ணு சென்னை கேக்குது. கெடைக்கவும் போவுது."

"அதாம்மா பயமாக்குது. அவ அம்மா போயி ரெண்டு வருசம் ஆவுது. வூட்ல இருக்கறதே ரெண்டு பேரு. இவளும் போயிட்டான்னா நான் இன்னா பண்ணுவேன்? இங்கன்னா தெனம் பஸ்ல போயிட்டு வந்துடுவா. டாக்டருக்கு எங்க படிச்சா இன்னாம்மா, ஊசி ஒண்ணுதானே?" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "நேரா சொன்னா கேக்கமாட்டா. கெடைக்கலன்னா மனச தேத்திக்குவா."

இங்கேதான் ஜினமதி என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று யாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். "பொண்ணு வரட்டும், அது ஆமான்னு சொன்னா மாத்தறேன்" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த நிமிஷம் அவள் தேவிப்ரியாவை நினைக்கவே இல்லை. தன் வீட்டில் நான்கு வருஷமாகத் துணி காயப்போட மட்டும் பயன்படும் ஸ்ரேயாஸின் அறையை நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசிவிட்டு "சரிம்மா, வைக்கட்டா?" என்கிற குரலை நினைத்தாள். பாவம் இந்த மனுஷன், நம்மைப் போல ஆகவேண்டாம் என்று தோன்றியது. தோன்றியதும் கை மவுஸில் இருந்தது. ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு ஒரே இழுப்பு. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த சர்வர் அப்போது பார்த்து வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

பத்தரைக்குத் தசரதன் ஓடிபியைப் படித்தார். ஜினமதி அடித்தாள். பூட்டியாயிற்று. அன்றைக்கு மட்டும் முதல் வரியிலிருந்து அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கால் பொரிந்து போய் வந்த தேவிப்ரியா, செருப்பை மாட்டிக்கொண்டே, "லாக் ஆயிடிச்சாக்கா?" என்றாள்.

"ஆயிடிச்சும்மா."

பூட்டிய பட்டியலின் பிரதியைத் தசரதன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பா பத்திரமாக வைத்திருக்கிறாரே என்று அவளும் கேட்கவில்லை.

பத்து நாளில் முடிவு வந்தது. தேவிப்ரியாவுக்குத் திருவண்ணாமலை. அவளைவிட ரேங்க் குறைந்த தோழிக்குச் சென்னை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அன்று மாலையே அந்தப் பெண் ஓட்டமாகக் கடைக்கு வந்து, பூட்டிய பட்டியலைத் திறந்து பார்த்தாள். முதல் வரியைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டாள். இதோ கேட்கப்போகிறாள், இப்போது கேட்கப்போகிறாள் என்று ஜினமதி காத்திருந்தாள்.

"நான்தான்க்கா," என்றாள் தேவிப்ரியா. "ஸ்டான்லிய மாத்தறப்போ குதிச்சிது பாருங்க, அப்போ இது மேல ஏறியிருக்கும். நான் பாக்கவே இல்ல. வெண்ணெய் தெரண்டு வரப்போ தாழிய ஒடச்சிட்டேன். ஒரு வருசம் எங்கப்பா எனக்காக எவ்ளோ பட்டாரு. நான் ஒரு தடவ பாத்திருக்கக்கூடாதா?"

இந்த இடத்தில் வாயைத் திறக்காதவளை என்னவென்று சொல்வது? ஜினமதி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். "விடும்மா, அழாத" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பெண் தன் தலையில் தானே அடித்துக்கொண்டபோது கையைப் பிடித்துத் தடுத்தாள். உண்மையைச் சொல்லித் தடுக்கவில்லை. சொன்னால் தொழில் போய்விடும் என்ற பயமும் இருந்தது, அதையும் மறைப்பானேன்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஜினமதிக்கு வெறும் குறுகுறுப்பு இல்லை. அவள் வீட்டார் ஜைனர்கள், வந்தவாசிப் பக்கத்துக் குடும்பம்; பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த ஐந்தரை மணிச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். புருஷன் அப்பாண்டைராஜிடம் ஒரு நாள் சொன்னாள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறவர், பதற்றப்படாத மனிதர்.

"பெத்தவரு சொன்னாரு, நீ செஞ்ச. அது அவங்க வூட்டு விஷயம்" என்றார்.

"அவரு சொன்னாரு. கை என்னுதுங்க."

"அப்போ போயி சொல்லிடு."

"அதுக்குத்தானே தைரியம் இல்ல."

அவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டார்.

தேவிப்ரியா உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தாள். அதற்கான தாள்களுக்கெல்லாம் ஜினமதியின் கடைக்குத்தான் வந்தாள். கல்லூரியில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குத்தான் தன்மேல் நம்பிக்கை போயிருந்தது. தன் கையெழுத்தைப் போடும் முன் மூன்று தரம் "இங்கதானேக்கா? இங்கதானே?" என்று கேட்டாள். இரண்டாம் சுற்று வருகிறது, சேர்ந்தவர்களும் வேறு நல்ல கல்லூரி கேட்கலாம் என்று கடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தபோது, "எனக்கு வேணாம்பா. மறுபடியும் எதையாவது தப்பா இழுத்து வெப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு இல்லை. இத்தனை ரேங்க் வாங்கிய பெண்ணை இப்படி ஆக்கிவிட்டோமே என்று ஜினமதி அன்றைக்குக் கடையின் பின்பக்கம் போய், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதாள். அழுது என்ன பிரயோஜனம்?

ஆவணி கடைசியில் ஜைனர்களுடைய பத்து நாள் நோன்பு வந்தது. அது முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்பு கேட்கவேண்டும். பெரியவர், சின்னவர், சொந்தம், அசல் என்று பேதம் கிடையாது. முன்பெல்லாம் வீடு வீடாகப் போய்க் கைகூப்பினார்கள், இப்போது வாட்ஸ்அப். ஜினமதியும் வருஷா வருஷம் அனுப்பும் அதே செய்தியைப் போனில் இருந்த அத்தனை பேருக்கும் தட்டிவிட்டாள்: 'தெரிந்தோ தெரியாமலோ நான் செய்த தவறுகளுக்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.' அத்தனை பேரில் தேவிப்ரியாவும் இருந்தாள் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'அய்யோ நீங்க எதுக்குக்கா? நாந்தான் உங்ககிட்ட சாரி கேக்கணும். நீங்க எல்லாருக்கும் படிச்சிப் பாரு படிச்சிப் பாருன்னு சொல்லுவீங்க. நான் கேக்கல. உங்க கடைக்கே கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்.'

ஜினமதி அதைப் படித்துவிட்டு, தான் அனுப்பியதையும் ஒரு தரம் படித்தாள். வாய்விட்டுத்தான் படித்தாள். 'தெரிந்தோ தெரியாமலோ.' சீ என்று ஆகிவிட்டது. பத்து நாள் பட்டினி கிடந்தது எதற்கு? நூறு பேரோடு ஒருத்தியாக அவளையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டால் கழுவிப் போய்விடுமா?

இரண்டாம் சுற்றில் வரிசை போட மறுநாள் மாலை ஐந்து மணிதான் கடைசி. ஜினமதி அப்போதே போன் போட்டாள்.

"நாளைக்கு ரெண்டு மணிக்குக் கடைக்கு வா தேவி. அப்பாவையும் கூட்டினு வா. அவரு போனு கண்டிப்பா வேணும்."

"எதுக்குக்கா?"

"வாம்மா. நேர்ல சொல்றேன்."

வந்தார்கள். ஜினமதி ஷட்டரைப் பாதி இறக்கினாள். ராத்திரி முழுக்க எப்படிச் சொல்லவேண்டும் என்று கோத்து வைத்திருந்தாள். முன்னுரை, சமாதானம், தன் மகன் கதை, எல்லாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட நிற்கவில்லை.

"தேவி, நீ தப்பா இழுக்கல. நீ போட்ட வரிசை சரியாத்தான் இருந்திச்சு. நீ மலை சுத்தப் போனப்புறம் நம்ம ஊரு காலேஜ ஒம்போதுலேருந்து மேல கொண்டாந்து வெச்சது நான். தெரிஞ்சேதான் செஞ்சேன். நீ இங்க உக்காந்து அழுதப்போகூட சொல்லாம இருந்துட்டேன்."

தசரதன் தலையைக் குனிந்துகொண்டார். தேவி திட்டப்போகிறாள், எழுந்து அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஜினமதி நின்றாள்.

"அப்போ நான் தப்பா இழுக்கலையா?"

"இல்லம்மா."

"நெஜமா நான் இல்லையாக்கா?"

"சத்தியமா நீ இல்ல."

அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கோபத்தில் அழவில்லை. தலையில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்ததற்காக அழுதாள். அட பாவி, இந்த ஒரு வார்த்தைக்கா இந்தக் குழந்தை ஒரு மாதம் தவித்தது என்று ஜினமதிக்கு நெஞ்சு வெடித்தது. அவள் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தேவிப்ரியா நிமிர்ந்தாள். படிக்கிற பிள்ளை அல்லவா. மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"லாக் பண்ண ஓடிபி வரணுமே. அது அப்பா போனுக்குத்தானே வரும்?"

ஜினமதி தசரதனைப் பார்த்தாள். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான்.

"உங்கம்மா போனப்புறம்..." என்று ஆரம்பித்தார் தசரதன்.

"என்னக் கேட்டிருக்கலாம்பா," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒரு வாட்டி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. இப்ப அது தெரியவும் போறதில்ல."

கடிகாரத்தில் இரண்டரை. ஜினமதி தன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். தேவிப்ரியா அதில் உட்கார்ந்தாள். நோட்டைக் கொண்டு வரவில்லை, அதெல்லாம் மனப்பாடம். முதல் இடம் சென்னை. ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, முதல் வரியிலிருந்து அவளே வாய்விட்டுப் படித்தாள். "அப்பா, நம்பர் சொல்லு" என்றாள். தசரதன் போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பூட்டியாயிற்று.

பிரதியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஜினமதி வாசல் வரை போனாள்.

"மன்னிச்சிடும்மா."

தேவிப்ரியா பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நின்று யோசித்தாள். "இன்னிக்கு முடியாதுக்கா" என்றாள். போய்விட்டாள்.

சென்னை கிடைக்கவில்லை. முதல் சுற்றில் கைக்கு வந்து போனது இரண்டாம் சுற்றில் திரும்ப வருமா? காலியானது கொஞ்சம் இடம்தான். அதை அவளைவிட மேலே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்ற கல்லூரிகளும் அப்படியே. தேவிப்ரியா உள்ளூரிலேயே படிக்கிறாள். ஆனால் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரவில்லை, விடுதியில் தங்கிவிட்டாள். தசரதன் ஞாயிற்றுக்கிழமைகளில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு விடுதி வாசலில் நிற்பதை ஜினமதி ஒரு தரம் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜினமதி இன்னொரு கணினித் திரை வாங்கி, வாடிக்கையாளர் பக்கம் திருப்பி மாட்டினாள். அவள் கை என்ன செய்கிறது என்பது எதிரில் இருப்பவருக்கு அதில் தெரியும். பெற்றவரே வந்து நின்றாலும், பிள்ளை இல்லாமல் எந்த வரிசையையும் தொடுவதில்லை. அந்த ஒரு வருஷத்தில் தேவிப்ரியா கடைக்குள் வரவில்லை. ஜெராக்ஸ் எடுக்க இரண்டு கடை தள்ளிப் போவாள். கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜினமதி பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் கலந்தாய்வு ஆரம்பித்த மூன்றாம் நாள், நல்ல கூட்டத்துக்கு நடுவில், தேவிப்ரியா உள்ளே வந்தாள். கூட அவளுடைய சித்தப்பா பெண் ஆர்த்தி. கையில் அதே மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு. ஜினமதி ஸ்டூலில் இருந்த பேப்பர் கட்டை எடுத்துக் கீழே வைத்தாள். "வாம்மா" என்பதைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

தேவிப்ரியா தங்கையை ஸ்டூலில் உட்காரவைத்தாள். புதிய திரையைப் பார்த்தாள். அப்புறம் ஜினமதியைப் பார்த்தாள்.

"அக்கா நல்லா அடிப்பாங்க ஆர்த்தி. ஒரு எழுத்து பெசகாது," என்றாள். "லாக் ஆவுற வரைக்கும் மட்டும் நீ சீட்ட வுட்டு எந்திரிக்காத."

ஜினமதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "ஆமாம்மா," என்றாள். "எந்திரிக்காத."